முதற் கவளம் எப்போது?

2025-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தின் மூன்றாம் நோன்பன்று மாலை, திருநகர் மூன்றாவது பேருந்து நிறுத்தத்தை அடுத்த தெருவில் உள்ள நம் இல்லத்தில் ஒரு சிறு பூசல் மூண்டது. பள்ளிவாசலிலிருந்து தூக்குச் சட்டியில் வந்த நோன்புக் கஞ்சி ஆவி பறக்க நடுவில் இருந்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் உட்கொண்டு நோன்பு திறந்த கையோடு, நம் துணைவியார் சுண்டுவிரல் நுனியில் கஞ்சியைத் தொட்டு, மடியில் இருந்த பேரனின் உதட்டருகே கொண்டு போனார். பிஸ்மில்லாஹ்வும் சொல்லியாயிற்று. அதற்குள் நம் மகள் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இன்னும் ஆறு மாசம் ஆகலை."

"ஒரு சொட்டுத்தானே? நீயும் உங்க அண்ணனும் இதைத் தின்னுதான் வளர்ந்தீங்க."

"அண்ணன் எப்படி வளர்ந்தான்னு அத்தாவைக் கேளுங்க."

அத்தாவாகிய நாம் தலையைத் தூக்கவில்லை. கோப்பையில் இருந்த கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தோம்.

பேரனுக்கு அப்போது நான்கு மாதமும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. நாம் உண்ணும்போதெல்லாம் நம் கையையே அவன் கண்கள் தொடர்ந்தன, வாயும் அசைந்தது. அதைக் கண்ட உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தீர்ப்பு வழங்கினர். உத்தமபாளையத்திலிருந்து சம்பந்தியம்மாள் கேழ்வரகை இடித்துச் சலித்து ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் முடிந்ததும் கூழ் கொடுப்பதே அவர்கள் வீட்டு வழக்கமாம். பக்கத்து வீட்டு அம்மாள், பல் முளைக்கும் வரை ஒன்றும் ஆகாது என்றார். சிங்கப்பூரில் இருக்கும் நம் தம்பி மகள், அங்குள்ள மருத்துவர் நான்கு மாதத்திலேயே தொடங்கலாம் என்று சொன்னதாகத் தொலைபேசியில் தெரிவித்தாள். இத்தனை வழக்குரைஞர்களுக்கு நடுவில் வழக்கின் நாயகன் மட்டும் தன் கால் பெருவிரலைச் சுவைத்துக்கொண்டு கிடந்தான்.

நம் மகள் நம்மைச் சாட்சிக்கு அழைத்ததன் காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூசும் செய்திதான்.

1986-ஆம் ஆண்டு நம் மூத்த மகன் பிறந்தான். அப்போது நாம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றி வந்தோம். மூன்றாம் மாதத்தில் பிள்ளை இரவெல்லாம் அழுதான். தாய்ப்பால் போதவில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. முடிவு செய்தவர்களில் நாமும் ஒருவர். பால் கொடுத்தவளை எவரும் கேட்கவில்லை. அந்நாளில் மாவு டப்பாக்களின் மேல் கொழுகொழுவென்ற குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பை நம்பி ஒரு டப்பாவும் ஒரு புட்டியும் வாங்கி வந்தோம். ஆசிரியர் சம்பளத்தில் மாதம் ஒரு டப்பாதான் கட்டுப்படியாகும். ஆகவே மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கரண்டி போட்டோம். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சியும் காய்ச்சாமலும் கலந்தோம். புட்டியின் ரப்பர் முனையைப் பாத்திரம் கழுவும் நீரிலேயே அலசினோம்.

பிள்ளைக்குப் பேதி கண்டது. நான்காம் நாள் உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. மதுரையில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினோம். அங்கே ஒரு தாதி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாலாடையில் எடுத்து, விடிய விடியச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். இறைவன் திருப்பித் தந்தான். விடியற்காலையில் அந்தத் தாதி நம் கையில் இருந்த புட்டியை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது நெஞ்சு ஆறியிருக்கும்.

இதில் நம்மை இன்றும் உறுத்துவது வேறொன்று. நாம் பணியாற்றிய அதே கொட்டாம்பட்டி, குழந்தை உணவு வரலாற்றில் பெயர் பெற்ற ஊர். உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். பிறகே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலான மாவட்டங்களின் கிராமங்களுக்கு அது பரவிற்று. அத்திட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் சோறு போடும் திட்டம் அன்று. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரை உள்ள குழந்தைகளை மாதம் ஒரு முறை தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துமாவு கொடுப்பார்கள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். உணவைவிட, எப்போது எதை ஊட்டுவது என்ற அறிவைத் தாய்மார்களிடம் சேர்ப்பதே அதன் உயிர்நாடி.

ஏன் ஆறாம் மாதத்திலிருந்து? பிறந்த குழந்தை பால் ஒன்றிலேயே நன்கு வளரும். அதன் பிறகு பால் மட்டும் போதாத காலம் வந்தும் வேறு உணவு வராவிட்டால், கோடு படுப்பது அங்கேதான். ஊரார் குழந்தைகள் புளிய மரத்து நிழலில் தராசில் ஊஞ்சலாடுவதை நாம் பள்ளிக்குப் போகும் வழியில் பன்முறை கண்டோம். ஊழியப் பெண் கூழைக் காட்டிப் பேசுவதையும் கேட்டோம். ஆனால் அது எழுத்தறியாத ஏழை மக்களுக்கானது என்றும், படித்த நமக்கு டப்பா உண்டு என்றும் எண்ணிக்கொண்டோம். அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் கேழ்வரகு உருண்டை தின்று தெருவில் தவழ்ந்த மாதத்தில், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை கட்டிலில் துவண்டு கிடந்தான்.

நம்மைப் போன்றோர் உலகெங்கும் இருந்திருக்கின்றனர் என்று பின்னாளில் படித்தறிந்தோம். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1939-இலேயே சிங்கப்பூரில், ரோட்டரி சங்கக் கூட்டம் ஒன்றில், தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பாலைப் பரப்புவது கொலைக்கு ஒப்பானது என்று வணிகர்களின் முகத்துக்கு நேரே பேசினார். நம்மவர் பலர் பிழைக்கப் போயிருந்த ஊர் அது. அந்தப் பேச்சு உலகின் செவியில் ஏற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1981-இல்தான் உலக நல்வாழ்வுப் பேரவை இத்தகைய விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992-இல் சட்டம் வந்தது. டப்பாவின் மேல் இருந்த கொழுகொழு குழந்தையின் படமும் சட்டப்படி மறைந்தது. 2003-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கைக்குழந்தை உணவு என்பது ஆறு மாதத்திற்குப் பிறகே உரியது என்றும் வரையறுக்கப்பட்டது. நாம் ஏமாந்தது சட்டத்திற்கு முன்பு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒன்றரைக் கரண்டி போட்ட கை நம்முடையதே.

சூடுபட்ட பூனை பாலைக் கண்டாலும் ஒதுங்கும். 1993-இல் நம் மகள் பிறந்தபோது நாம் அப்படித்தான் ஒதுங்கினோம். இம்முறை தாய்ப்பாலும், சில மாதங்கள் சென்றபின் பசும்பாலும் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது என்று கட்டளையிட்டோம். எட்டு மாதம் ஆயிற்று, பத்து மாதம் ஆயிற்று. பிள்ளைக்குப் பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. வெளிறிய முகத்தோடு ஓரிடத்தில் சாய்ந்தே கிடந்தாள். 'எவ்வளவு அமைதியான குழந்தை!' என்று பார்த்தவர்கள் மெச்சினர். நாமும் பெருமை கொண்டோம். அது அமைதி அன்று, சோகை என்று மருத்துவர் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டியபோது நமக்கு நாவெழவில்லை. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்தின் இருப்பு சுமார் ஆறு மாதத்தில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்கு செரிப்பதாயினும் அளவில் மிகச் சிறிது. பசும்பாலிலோ அதுவும் பயன்படுவது அரிது. அப்புறம் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தும் கேழ்வரகும் முட்டையும் கொடுத்துத் தேற்றினோம்.

ஒரு பிள்ளைக்கு முந்தினோம். மறு பிள்ளைக்குப் பிந்தினோம். இரண்டும் அன்பினால் செய்ததே. அன்று வெளிறிக் கிடந்த அந்தப் பிள்ளைதான் இன்று தாயாகி, தன் தாயின் கையைப் பிடித்துத் தடுத்தவள்.

அன்றிரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, திருமறையை எடுத்து அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தை விரித்தோம். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோர்க்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அது காலம் சொல்கிறது. தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் இசைந்து, கலந்தாலோசித்து, அதற்கு முன்பே பால்குடியை நிறுத்த நாடினால் அவர்கள்மீது குற்றமில்லை என்றும் இடம் தருகிறது. பன்முறை ஓதிய வசனமே. ஆயினும் அந்தக் கலந்தாலோசனை என்ற சொல் அன்றுதான் நம்மை நிறுத்திற்று. ஆட்சியையும் போரையும் பற்றிய இடத்தில் ஆலோசனையைச் சொல்வது வியப்பன்று. ஒரு கைக்குழந்தையின் பாலைப் பற்றிய இடத்தில் அல்லவா இறைவன் அதைச் சொல்லியிருக்கிறான்! அந்த ஆலோசனையில் தாய்க்குச் சரிபாதி இடம் தந்திருக்கிறான். 1986-இல் நம் வீட்டில் கூடிய ஆலோசனைச் சபையில் மாமியார் இருந்தார், கொழுந்தியார் இருந்தார், மருந்துக் கடைக்காரர்கூட ஒரு வகையில் இருந்தார். பிள்ளையைப் பெற்றவள் அடுக்களையில் இருந்தாள்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அவ்வசனம் பேசுவது பாலை நிறுத்தும் காலத்தை. முதற் கவளம் ஊட்டும் காலம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம் இல்லங்களில் நேரும் பிழைகளுக்கு வேர் என்பது நம் எண்ணம். சோறு தொடங்கினால் பாலை மறக்கடிக்க வேண்டும் என்று சிலர் அவசரப்படுகின்றனர். பால் இருக்கும்வரை சோறெதற்கு என்று சிலர் தாமதிக்கின்றனர். அங்கன்வாடிகளில் சத்துமாவை இணை உணவு என்கிறார்கள், நல்ல சொல். பாலோடு இணைந்து நடப்பது, பாலைத் துரத்துவது அன்று. முதற் கவளத்துக்கும் கடைசிப் பாலுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக் காலம் இரண்டும் கூடவே நடக்கலாம்.

அப்படியானால் தொடங்குவது எந்த மாதம்? அதற்கு மறை மாதக் கணக்குச் சொல்லவில்லை. அனுபவத்துக்கும் அறிவுக்கும் விட்டிருக்கிறது. நம் மக்கள் பிறந்த நாளில் நான்கு முதல் ஆறு மாதம் என்றே மருத்துவ உலகம் கூறிற்று. 2001-இல் உலக நல்வாழ்வுப் பேரவை ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்று உறுதி செய்தது. 2023-இல் வெளியான உலக நல்வாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகளும் ஆறு மாதத்தில், அதாவது 180 நாளில், தொடங்கச் சொல்கின்றன. ஐரோப்பிய மருத்துவர் சிலர் நான்கு மாதம் நிறைந்தபின் தொடங்க இடம் தருகின்றனர். ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அவர்களே கூறுகின்றனர். ஆகவே சிங்கப்பூர்ப் பெண் பொய் சொல்லவில்லை. ஆனால் குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கத்தக்க நீர் வரும் ஊரும், லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் ஊரும் ஒன்றல்லவே! உணவோடு வாய்க்குள் நுழையும் கிருமியை எதிர்க்கத் தாய்ப்பால் தரும் காப்பை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருப்பது நம் பக்கத்துக்கு இலாபம்.

பிந்துவதும் இன்று பழங்கதை ஆகிவிடவில்லை. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட உணவும் பெறுவோர் நூற்றுக்கு 45.9 பேரே. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில், 1993-இல் நாம் செய்ததை ஒத்த பிழை இன்றும் நடக்கிறது.

மறுநாள் மாலை மருமகன் துபாயிலிருந்து காணொலியில் வந்தார். மகள் கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். நாமும் துணைவியாரும் இருபுறமும் அமர்ந்தோம். ஆனால் பேசுவது அவ்விருவர் பொறுப்பு என்று முன்பே சொல்லிவிட்டோம். (நம் துணைவியார் இரண்டு முறை இடைமறித்தார், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) நோன்பு நோற்றுப் பால் கொடுப்பது களைப்பாக இருக்கிறதா என்று மருமகன் கேட்டார். இருந்தால் விட்டுவிட்டுப் பிறகு நோற்கலாமே, மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே என்றார். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது. மகள் ஒரு நொடி பேசாதிருந்து, பிறகு, சில நாள் விட்டுவிடுகிறேன் என்றாள்.

பிறகு பேரனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். மகளின் மருத்துவர் சில அடையாளங்களைச் சொல்லியிருந்தார்: கழுத்து நிற்க வேண்டும், சிறிது தாங்கினால் உட்கார வேண்டும், கரண்டி வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளாதிருக்க வேண்டும். கழுத்து நின்றது. உட்கார வைத்தால் இடப்புறம் சாய்ந்தான். வெறும் கரண்டியை வைத்துப் பார்த்ததில் நாக்கு அதை ஓங்கி வெளியே தள்ளிற்று. கையைப் பார்ப்பதும் வாயை அசைப்பதும் பசியின் அடையாளம் அல்ல, அந்த வயதில் எதைக் கண்டாலும் செய்யும் வேடிக்கைதான் என்று விளங்கிற்று. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஆறு மாதம் நிறைகிறது. அப்போது தொடங்குவது என்று முடிவாயிற்று.

நம் துணைவியாருக்கு மனம் ஆறவில்லை. பிறந்த அன்று சேனை தொட்டுவைக்கும்போது தேன் வேண்டாம் என்றார்கள், அதையும் கேட்டோம். இப்போது கஞ்சியும் வேண்டாமாம் என்று முணுமுணுத்தார். தேனில் சில சமயம் ஒளிந்திருக்கும் நச்சுக் கிருமி வித்து ஓராண்டு நிறையாத குடலில் முளைத்துவிடக்கூடும் என்பதை அப்போதே விளக்கியிருந்தோம். பேரீச்சம்பழத்தின் சாற்றைத் தொட்டுவைத்ததோடு நின்றுகொண்டோம். நோன்புக் கஞ்சியிலோ உப்பும் மசாலாவும் கறியும் கலந்திருக்கின்றன. பெரியவர்களின் பசித்த வயிற்றுக்கு அமுதம், சிறுநீரகம் முற்றாத சிசுவுக்குச் சுமை. இதைச் சொன்னதும் அவர், "அப்ப உப்பில்லாம நான் தனியா ஆக்கித் தரேன், ஏப்ரல்ல" என்றார். நாம் வேண்டியதும் அதுதான்.

ஆக்குவதிலும் ஒரு பாடம் இருந்தது. நம் வீடுகளில் குழந்தைக் கஞ்சி என்றாலே தண்ணீராக வடியும், செரிக்க வேண்டுமாம். ஆறு மாதக் குழந்தையின் வயிறு ஏறத்தாழ ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். ஆறு முதல் எட்டு மாதத்தில், பாலுக்கு மேல் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வேண்டும்; ஒன்பது மாதத்துக்கு மேல் 300; ஓராண்டுக்கு மேல் 550. அந்தச் சிறு கோப்பையைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? 1986-இல் ஒன்றரைக் கரண்டி மாவு செய்த வேலையை நீர்த்த கஞ்சியும் ஓசையின்றிச் செய்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பதே அளவு. சம்பந்தியம்மாளின் கேழ்வரகு இங்கே கைகொடுத்தது. முளை கட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த கேழ்வரகு மாவுக்கு ஓர் இயல்பு உண்டு: முளையில் சுரக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதே கூழில் கூடுதல் மாவு போட்டாலும் கெட்டிப்பட்டு இறுகாமல் இளகியே இருக்கும். பரோடாவில் தாரா கோபால்தாஸ் போன்ற ஊட்டச்சத்து அறிஞர்கள் 1980-களில் ஆராய்ந்து சொன்ன இதை, உத்தமபாளையத்துப் பாட்டிமார் ஆராய்ச்சியின்றியே செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் தவறியது மாதத்தில்தான், மாவில் அன்று. சம்பந்தியம்மாளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, மாதத்தைப் பற்றிய பகுதியை மெல்லிய குரலில் சொன்னோம்.

பெருநாள் மார்ச் 31-இல் கழிந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தாய்ப்பால் குடித்துச் சிறிது நேரம் ஆனபின், பேரனை மகள் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். இப்போது சாயவில்லை. நம் துணைவியார் சோப்பிட்டுக் கைகழுவி, நன்கு குழைந்த சோறும் பாசிப்பருப்பும் மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டுச் சிறு கிண்ணத்தில் கொண்டு வந்தார். கைப்பேசியில் துபாய் காத்திருந்தது. ஊட்டுவது யார் என்று எழுந்த கேள்வியை மகளே தீர்த்தாள். கரண்டியைத் தாயிடம் நீட்டி, "நீங்க ஊட்டுங்கம்மா" என்றாள்.

முதல் கரண்டி அப்படியே தாடைக்கு வந்தது. இரண்டாவதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஏதோ மோசம் போனவன்போல் எல்லோர் முகத்தையும் பார்த்தான். மூன்றாவது உள்ளே போயிற்று. நான்காவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதும், இன்னும் ஒரு வாய் என்று துணைவியார் நெருங்க, மகள் தலையசைத்தாள். அவரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மூன்று கரண்டிதானா என்று மருமகன் கேட்டார். நாளைக்கும் இதுவே, மூன்று நாள் கழித்துக் கேழ்வரகு, ஏழாம் மாதத்துக்குள் முட்டையும் முள் நீக்கிய மீனும் என்று மகள் ஒரு சிறு நோட்டைப் பார்த்துப் படித்தாள்.

அன்று மாலை சென்னையிலிருந்து நம் மூத்த மகன் பேசினான். அவனுக்கு வயது முப்பத்தொன்பது ஆகிறது, ஆறடி உயரம். என்ன ஊட்டினீர்கள், எத்தனை கரண்டி, தண்ணீரைக் காய்ச்சினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். காய்ச்சினோம் என்றோம்.